மாச்சாக்கில் தைத்த சட்டை

(நூற்றாண்டு விழாவையொட்டி நமது பாடசாலை மண்டபத்தில் நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





செயலாளர் அக்கா முதலில் என்னிடம் கேட்டது வேறு தலைப்பு. "நாற்பதுக்குப் பிறகு பெண்களும் நீரிழிவும்" என்று அரை மணித்தியாலம் பேசவேண்டும் என்றார். நானும் ஓம் என்றுவிட்டேன். பிறகு ஒருநாள் விழாக்குழுக் கூட்டத்துக்கு ஒரு துணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தேன். "இது என்ன டொக்டர், மா மூட்டையோடு வாறீங்கள்?" என்று ஒருவர் கேட்டார். அதற்குப் பதில் சொல்லப்போய்க் கூட்டத்தில் பாதி நேரம் முடிந்துவிட்டது. கடைசியில் செயலாளர் அக்காவே, "நீரிழிவைப் பற்றி எந்த டொக்டரும் பேசுவினம், நீ இதைப் பேசு" என்றார். ஆகவே நீரிழிவுக்காக வந்தவர்கள் மன்னிக்கவேண்டும். தேநீர் நேரத்தில் என்னைப் பிடிக்கலாம். கையில் ரோல்ஸ் இல்லாமல் வரவேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

நான் வளர்ந்தது புதுக்கடையில். நீதிமன்றங்களுக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையொன்றில் எங்கள் வீடு. இரண்டு அறை, ஒரு குசினி. அப்பா ஒரு சட்டத்தரணியிடம் கிளாக்கராக இருந்தார். அம்மம்மாவிடம் கையால் சுற்றும் சிங்கர் மெசின் ஒன்று இருந்தது. சட்டத்தரணிமாரின் கறுப்புக் கோட்டில் கை கிழிந்தாலும் பொக்கற் ஓட்டையானாலும் எங்கள் வீட்டுக்குத்தான் வரும். "கோட்டுக்குப் போறவையின்ர கோட்டுத் தைக்கிறவ" என்று ஒழுங்கையில் அம்மம்மாவுக்குப் பெயர். பகலில் ஊராரின் கோட்டு. இரவில் எங்களுக்கு மாச்சாக்கு.

மாச்சாக்கு என்றதும் தங்கச்சிமாருக்கு நினைவு வருவது வெள்ளை நைலோன் சாக்காக இருக்கும். நான் சொல்வது அதற்கு முந்திய பருத்திச் சாக்கு. நூறு இறாத்தல் மா கொள்ளும் ஒரு சாக்கைப் பிரித்து விரித்தால் ஏறக்குறைய 36 அங்குலம் அகலம், 44 அங்குலம் நீளம் கொண்ட துண்டு கிடைக்கும். ஒரு யாருக்குச் சற்றுக் கூட. சின்னப் பிள்ளைக்கு ஒரு சட்டை. கவனமாக வெட்டினால் கூடவே ஒரு லேஞ்சி. கொட்டாஞ்சேனையில் ஒரு பேக்கரியில் வெறும் சாக்குகளை விலைக்கு விற்பார்கள். அம்மம்மா ஒரு சனிக்கிழமை நடந்து போய் நாலைந்து வாங்கி, சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு வருவார். ஏன் மூடினார் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

சாக்கைப் பிரிப்பது ஒரு வித்தை. ஆலையில் அதைச் சங்கிலித் தையலால் மூட்டியிருப்பார்கள். சரியான முனையில் சரியான நூலைப் பிடித்து இழுத்தால் சர்ரென்று முழுத் தையலும் கழன்று வந்துவிடும். மற்ற முனையில் இழுத்தால் முடிச்சு விழும். பிறகு ஒவ்வொரு கண்ணாக வெட்டவேண்டியதுதான். கழற்றிய நூலை அம்மம்மா உருண்டையாகச் சுற்றி வைப்பார். பூமாலை கட்ட, மரக்கறிப் பொட்டலம் கட்ட, எங்கள் பட்டத்துக்கு வால் கட்ட என்று அது வருடக்கணக்கில் உதவும்.

அடுத்தது கழுவுவது. முதலில் நன்றாக உதறவேண்டும். பிறகு பச்சைத் தண்ணீரில் ஊறவைக்கவேண்டும். அவசரப்பட்டுச் சுடுதண்ணீரில் போட்டால் இழைக்குள் இருக்கிற மா கஞ்சியாகி ஒட்டிக்கொள்ளும். அந்தத் துணி பிறகு தோலில் உரசிக்கொண்டே இருக்கும். எழுத்துகளை எடுப்பது எல்லாவற்றிலும் கஷ்டம். மண்ணெண்ணெய் தடவி ஓர் இரவு வைத்து, சவர்க்காரம் போட்டுக் கசக்கி, சலவைச் சோடாவில் அவித்து, வெயிலில் போடுவார். புதுக்கடையில் விரிப்பதற்குப் புல் ஏது? தகரக் கூரையில் விரித்து நாலு மூலைக்கும் கல் வைப்பார். மாலையில் எடுத்து நீலம் போட்டு மீண்டும் காயவைப்பார். இவ்வளவுக்கும் பிறகு, வெளிச்சத்துக்குச் சரித்துப் பிடித்துப் பார்த்தால் எழுத்துகள் அங்கேயே இருக்கும். மங்கிப் போயிருக்கும், ஆனால் போயிருக்காது.

அந்தத் துணியில் தைக்காதது எது? உள்பாவாடை, பெனியன், தலையணை உறை, தொட்டில் துணி, அறைகளுக்கு இடையில் திரை. பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் கோதுமை மாவைத் துணியில் கட்டி அவிப்போம் அல்லவா? எங்கள் வீட்டில் அந்தத் துணியும் மாச்சாக்குத்தான். மா, தான் வந்த சாக்குக்குள்ளேயே திரும்பிப் போய் அவிந்துவரும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். இது பெண்கள் கூடிய சபை, நானும் வைத்தியர், ஒளிக்க ஒன்றுமில்லை. பல தடவை கழுவி மெதுமையான மாச்சாக்கைத்தான் நம்மில் பலருடைய அம்மாமார் மாதவிடாய்க்குப் பாவித்தார்கள். நன்றாக உறிஞ்சும், கழுவி வெயிலில் காயவைத்தால் சுத்தமாகவும் இருக்கும். ஆனால் வெயிலில் காயப்போட வெட்கப்பட்டு, இருட்டில், வேறு துணிக்கு அடியில் காயவைத்தார்கள். ஈரம் காயாத துணியால் வந்த தொல்லைகளை இன்றும் வயதான அம்மாமார் என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொல்வதுண்டு. கடைசியில் அந்தத் துணிகளை எரித்தும் விட்டார்கள். இந்தச் சாக்குகள் இன்று அதிகம் மிஞ்சியிருக்காததற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி இந்தப் பாடசாலையில் நடந்த ஒன்று.

1991ஆம் ஆண்டு. நான் ஆறாம் ஆண்டில் படித்தேன். முதல் வருடம் யுத்தம் மறுபடி தொடங்கியிருந்தது. வடக்கிலிருந்து வந்த பிள்ளைகள் பலர் நமது வகுப்புகளில் சேர்ந்தார்கள். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் லொட்ஜ் அறைகளில் குடும்பமாக இருந்துகொண்டு, கொழும்பில் நிற்பதா வெளிநாடு போவதா என்று தெரியாமல் படித்த பிள்ளைகள். அவர்களில் ஒருத்தி என் வாங்கில் இருந்தாள். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரி. அது எனக்குப் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒருநாள் இடைவேளையில் திடீரென்று மழை. மைதானத்திலிருந்து எல்லோரும் ஓடிவந்தோம். அவளுடைய வெள்ளைச் சீருடை நனைந்து உடலோடு ஒட்டியிருந்தது. உள்ளே பாவாடையில் நீல நிறத்தில் பெரிய எழுத்துகள் தலைகீழாகத் தெரிந்தன. யாரோ தலையைச் சரித்து உரக்க வாசித்தார்கள். வகுப்பே சிரித்தது. யாரோ என்று இத்தனை வருடமாகச் சொல்லிவந்தேன். வாசித்தது நான்தான். அன்றிலிருந்து அவளுக்கு ஒரு பட்டப்பெயர் வந்தது. அதை இங்கே சொல்லப்போவதில்லை.

அன்றிரவு சாப்பிடும்போது இதைப் பகிடியாக வீட்டில் சொன்னேன். அம்மம்மா ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய் என் தலையணையைக் கொண்டுவந்தார். மேலுறையைக் கழற்றினார். பஞ்சு அடைத்த உள்ளுறையில் அதே நீல எழுத்துகள்.

"வாசி" என்றார்.

வாசித்தேன்.

"ஏழு வருசமா நீ உதிலதான் தலை வைச்சுப் படுக்கிறாய். நீ பிறந்த உடன சுத்தினதும் உந்தத் துணிதான். நாளைக்குப் போய் அந்தப் பிள்ளையிட்டச் சொல்லு."

நான் சொல்லவில்லை. அவளைப் பார்த்துச் சிரித்ததை நினைத்து வெட்கப்பட்டிருந்தால் சொல்லியிருப்பேன். எங்கள் வீட்டிலும் மாச்சாக்கு இருக்கிறது என்பது வகுப்புக்குத் தெரிந்துவிடும் என்றுதான் வெட்கப்பட்டேன். அடுத்த வருடம் அவள் வரவில்லை. குடும்பத்தோடு வெளிநாடு போய்விட்டாள் என்றார்கள்.

அதன்பிறகு பல வருடங்கள் மாச்சாக்கு என் நினைவிலேயே இல்லை. மருத்துவக் கல்லூரி, பயிற்சி, பரீட்சை. இடையில் அம்மம்மாவும் காலமாகிவிட்டார்.

2009இல் நான் வவுனியாவில் வேலை செய்தேன். அந்த வருடத்தைப் பற்றி நான் அதிகம் பேசுவதில்லை. இன்றும் ஒரு பையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். காலில் காயத்தோடு வந்திருந்த ஓர் அம்மா, ஐம்பது வயதுக்கு மேலிருக்கும், இடுப்பில் ஒரு சின்னப் பையைக் கட்டியிருந்தார். வெளியே உரப்பை, உள்ளே கருஞ்சிவப்புப் பட்டு. அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் எல்லாம் அதற்குள். பட்டு ஏது என்று கேட்டேன். கூறைச்சேலையின் கரை என்றார். மிச்சச் சேலை?

வன்னியில் அந்தக் கடைசி மாதங்களில் பதுங்குகுழியைச் சுற்றி அடுக்க மண்மூட்டை வேண்டியிருந்தது. உரப்பைகள் தீர்ந்தபிறகு சனங்கள் சேலைகளை வெட்டி மூட்டை தைத்தார்கள். இதை உங்களில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். சிலர் உறவினரிடமிருந்து நேரடியாகவே கேட்டிருப்பீர்கள். அந்த அம்மாவும் அதைத்தான் செய்திருந்தார். "ஆறு மூட்டை வந்தது, பிள்ளை. பட்டு நல்ல உறுதி" என்றார். துணி வாங்கிய கடையைப் பற்றிச் சொல்வதுபோல, அவ்வளவு சாதாரணமாக.

பையின் ஓரத்தில் தையல் விட்டிருந்தது. ஊசி நூல் இருக்கிறதா என்று கேட்டார். என்னிடம் இருந்தது காயம் தைக்கும் பட்டு நூல்தான், பாவனைத் திகதி முடிந்தது. வளைந்த ஊசியைக் கண்டு சிரித்தார். "உதை வைச்சு எப்பிடித் தைக்கிறியள்?" என்றார். பிடிக்கிற விதத்தைக் காட்டிக் கொடுத்தேன். இரண்டு தையலில் கை பழகிவிட்டது. என் தையலைவிட நேராக இருந்தது.

அம்மம்மா சாக்கைச் சட்டையாக்கினார். இந்த அம்மா கூறையைச் சாக்காக்கியிருந்தார். விடுமுறையில் கொழும்புக்கு வந்ததும் நான் முதலில் தேடியது அந்தத் தலையணையைத்தான். அம்மாவின் அலுமாரியில் அடித்தட்டில் கிடந்தது. பஞ்சு கட்டிபட்டிருந்தது, உறை அப்படியே இருந்தது. என் சேகரிப்பில் அதுதான் முதலாவது.

சேகரிப்பு என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. இத்தனை வருடத்தில் பத்தொன்பது துண்டுகள்தான். அமெரிக்காவில் இதைச் சேகரிப்பவர்களிடம் நூற்றுக்கணக்கில் உண்டு. அங்கே இதற்கு ஒரு வரலாறே இருக்கிறது. பண்ணைப் பெண்கள் மாச்சாக்கிலும் கோழித்தீன் சாக்கிலும் உடுப்புத் தைப்பதைக் கண்ட வியாபாரிகள், சாக்கையே பூப்போட்ட துணியில் செய்தால் என்ன என்று யோசித்தார்கள். மிசூரி மாநிலத்தைச் சேர்ந்த ஏசா பேல்ஸ் என்பவர் 1924இல் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். அடுத்த வருடமே சென் லூயிஸ் நகர மா ஆலையொன்று கட்டம்போட்ட துணியில் மாவை விற்கத் தொடங்கியது. பிறகு ஆலைகளுக்குள் போட்டி: பூ, பறவை, கோடு என்று எத்தனையோ வகை. எழுத்தைக் கழுவினால் போகும் மையில் அச்சிட்டார்கள், அல்லது கடதாசியில் ஒட்டினார்கள். ஒரு சட்டைக்கு மூன்று சாக்கு வேண்டும் என்பதால், தீன் வாங்கப் போகும் கணவரிடம் மாதிரித் துண்டைக் கொடுத்து "இதே பூவில் கொண்டுவாருங்கள்" என்று அனுப்புவார்களாம். பாவம் அந்த மனிதர்கள். இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபிறகு கடதாசிப் பையும் பிளாஸ்ரிக்கும் வந்து, 1960களின் தொடக்கத்தில் அது ஏறக்குறைய நின்றுபோனது.

என்னை அதைவிட அதிகம் பிடித்து நிறுத்தியது பெல்ஜியத்தின் கதை. 1914இல் ஜேர்மன் படைகள் அந்த நாட்டைப் பிடித்தபோது சனங்கள் பட்டினியை எதிர்கொண்டார்கள். பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான ஹேர்பட் ஹூவர் நடத்திய நிவாரணக் குழு அங்கே மா அனுப்பியது. பருத்தி வெடிமருந்து செய்ய உதவும் என்பதால், வெறும் சாக்குகளை எதிரி கையில் படாதபடி எண்ணிக் கணக்கு வைத்தார்கள். தையற்கூடங்களுக்கு வந்த சாக்குகளில் பெண்கள் உடுப்புத் தைத்தார்கள். ரேந்தை பின்னி வாழ்ந்து வேலையிழந்திருந்தவர்கள் பூவேலை செய்தார்கள். அவர்கள் எழுத்தை அழிக்கவில்லை. ஆலையின் பெயர், ஊரின் பெயர், சின்னம் எல்லாவற்றின் மேலும் பட்டு நூலால் தைத்தார்கள். சிலவற்றை நிவாரணத்துக்காக விற்றார்கள். சிலவற்றை நன்றியாகத் திருப்பி அனுப்பினார்கள். அயோவா மாநிலத்தில் ஹூவரின் நினைவு நூதனசாலையில் இன்றும் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன.

நமக்கும் அதே நாட்டு மா வந்தது. 1952இல் சீனாவோடு இறப்பர்–அரிசி உடன்படிக்கை செய்ததால் இலங்கைக்கு அமெரிக்க உதவி சில வருடம் கிடைக்கவில்லை, 1956இல்தான் தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் கோதுமை மாவை "அமெரிக்கன் மா" என்று சொல்வதைக் கேட்டு வளர்ந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். உதவிச் சாக்குகளில் இரண்டு கைகள் குலுக்கும் சின்னம் இருக்கும். அமெரிக்க மக்களின் அன்பளிப்பு, விற்கவோ மாற்றவோ கூடாது என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். காற்சட்டையின் பின்பக்கத்தில் அந்த வாசகம் வந்த பகிடி இந்தியாவிலும் உண்டு, கொரியாவிலும் உண்டு. எங்கேயும் சிரிப்பவர் வேறு, உடுத்தவர் வேறு. பாணுக்கு விடியப்புறம் வரிசையில் நின்ற 1970களில் அந்தத் துணியின் அருமை என்ன என்று என் அம்மாவைக் கேட்டால் சொல்வார். கேட்டால்தான் சொல்வார், தானாகச் சொல்லமாட்டார்.

பெல்ஜியத்துப் பெண்கள் எழுத்தின் மேல் பட்டு நூல் ஓட்டினார்கள். என் அம்மம்மா அதே எழுத்தை மண்ணெண்ணெய் போட்டுக் கசக்கினார். நமக்கு மட்டும் ஏன் அது வெட்கமானது? எனக்குத் தெரிந்த ஒரு பதில், என்னைப்போல உரக்க வாசித்துச் சிரிக்க ஆட்கள் இருந்தார்கள் என்பது.

அதனால் நான் தைக்கும்போது எழுத்தை வெளிப்பக்கம் வைத்துத்தான் தைக்கிறேன். இந்தத் தோள்பையில் "மா" என்ற எழுத்து நடுவில் வரும்படி வெட்டுவதற்கு இரண்டு இரவு யோசித்தேன். பழுதான துண்டில் மட்டுமே கத்தரிக்கோல் வைப்பேன். முழுச் சாக்கைத் தொடமாட்டேன். தைக்க விரும்புபவர்களுக்கு ஒரு புத்திமதி: நெசவு தளர்வு, ஓரம் உதிரும். விளிம்பை உள்ளே மடித்து இரட்டைத் தையல் போடுங்கள். கெய்சர் வீதியில் வாங்கிய சாதாரணப் பருத்தி நூலே போதும்; நைலோன் நூல் பழைய துணியை அறுத்துவிடும்.

உங்கள் வீட்டில் இருப்பது மாச்சாக்கா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஓரத்தைத் தடவிப் பாருங்கள். சங்கிலித் தையல் இருந்த இடத்தில் பெரிய துளைகள் ஒரே இடைவெளியில் வரிசையாக இருக்கும். எத்தனை தரம் கழுவினாலும் அவை மூடுவதில்லை. பிறகு வெளிச்சத்தில் சரித்துப் பிடியுங்கள். கண்டால் வெளிற்றவேண்டாம், கஞ்சி போடவேண்டாம். கஞ்சித் துணியை வெள்ளிப்பூச்சி தின்னும். பிளாஸ்ரிக் பையில் கட்டிவைத்தால் கொழும்பு ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். வேறொரு பருத்தித் துணியில் சுற்றி, வருடத்தில் இரண்டு தரம் மடிப்பை மாற்றுங்கள். பூச்சி உருண்டை போடுவதானால் குழந்தை உடுப்புக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள நப்தலீன் சில குழந்தைகளின் இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துக் கடும் மஞ்சட்காமாலையைக் கொண்டுவரும். பார்த்தீர்களா, வைத்தியர் எப்படியும் வெளியே வந்துவிடுகிறார்.

இந்த உரையை நூற்றாண்டு மலரில் போடப்போவதாகச் செயலாளர் அக்கா சொன்னார். மலர் ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் சிட்னிக்கும் போகும் என்பதால் இரண்டு விஷயங்களைச் சேர்த்துக்கொள்கிறேன்.

ஒன்று, உங்கள் அலுமாரியில், அம்மாவின் பெட்டியில் இப்படி ஒரு துண்டு இருந்தால் எறியாதீர்கள். எனக்கு அனுப்பவும் வேண்டாம். யார் தைத்தது, யாருக்குத் தைத்தது, எந்த வருடம் என்று ஒரு தாளில் எழுதி, படத்தோடு சங்கத்துக்கு அனுப்புங்கள். எழுத்து தெரியும்படி படம் எடுங்கள்.

மற்றது, 1991இல் ஆறாம் ஆண்டில், யன்னல் பக்கம் மூன்றாம் வாங்கில் என் பக்கத்தில் இருந்தவளுக்கு. நீ இதை வாசிப்பாயோ தெரியாது. அன்றைக்கு வாசித்தது நான்தான் என்பது உனக்கு எப்பவோ தெரிந்திருக்கும். எங்கள் வீட்டுத் தலையணையைப் பற்றி மட்டும் உனக்குத் தெரியாது. அடுத்த நாள் வந்து சொல்லியிருக்கவேண்டும். முப்பது வருடத்துக்கு மேல் பிந்திவிட்டேன், என்னை மன்னித்துக்கொள்.

அந்த உறையையும் மற்றப் பதினெட்டையும் பின்னாலுள்ள மேசையில் விரித்து வைத்திருக்கிறேன். நீல எழுத்துள்ளது இடப்பக்கம் முதலாவது. தாராளமாகத் தொட்டுப் பார்க்கலாம், துளைகளைத் தடவிப் பார்க்கலாம். ரோல்ஸ் சாப்பிட்டவர்கள் தயவுசெய்து கையைக் கழுவிவிட்டு வாருங்கள்.